சுமந்து கடந்த இடம்

எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் ஆறு வந்துவிடும். சிகாகோவுக்கு மேற்கே, வடக்கிலிருந்து தெற்காக ஓடும் ஆறு. பாலத்துப் பலகையில் இருக்கும் பெயரை ஊர்க்காரர்கள் ஓர் எழுத்தையும் விடாமல் 'டெஸ் பிளேன்ஸ்' என்பார்கள். நான் புதுச்சேரிக்காரி. தெருப் பலகைகளில் கடைசி எழுத்தை விழுங்கிப் படித்தே வளர்ந்தவள். வந்த புதிதில் வழி கேட்கும்போது 'தே பிளென்' என்று வாயில் வந்துவிட்டது. எதிரே நின்ற பெண் நான் எந்த ஆற்றைக் கேட்கிறேன் என்று தெரியாமல் விழித்தாள். அன்று இரவு போனில் அப்பாவிடம் சொன்னேன். "அது பிரெஞ்சுப் பேராச்சே, அது எப்படிம்மா அங்க போச்சு?" என்று கேட்டார்.

பிரெஞ்சுக் கனடாக்காரர்கள் ஒருவகை மேப்பிள் மரத்தை 'பிளென்' என்று சொல்லியிருக்கிறார்கள். கரையோரம் அந்த மரங்கள் நின்றதால் வந்த பெயர் என்று சொல்வதுண்டு. இன்றும் எங்கள் பாலத்துக்குக் கீழே வெள்ளி மேப்பிள்கள் தண்ணீருக்குள் வேரை விட்டுக்கொண்டு நிற்கின்றன. பெயருக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் அப்பா கேட்டது பெயர் எப்படிப் போனது என்று. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வெள்ளம் வர வேண்டியிருந்தது.

2013 ஏப்ரல். விடிய விடிய மழை. மின்சாரம் போனதும் பேஸ்மென்டில் தண்ணீரை வெளியேற்றும் சம்ப் பம்பு நின்றுவிட்டது. மாடிப்படியின் கடைசிப் படி முழுகியது, அப்புறம் அதற்கு மேல் படி. நானும் கணவரும் அரிசி மூட்டை, பெட்டிகள், கல்யாண ஆல்பம் எல்லாவற்றையும் தூக்கித் தூக்கி மேலே வைத்தோம். ஆறு பல இடங்களில் அதுவரை பதிவில் இல்லாத உயரத்துக்கு ஏறியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் ரப்பர் பூட்ஸோடு வந்து, தன் வீட்டு ஜெனரேட்டரிலிருந்து ஒரு வயரை இழுத்துக் கொடுத்தார். தண்ணீர் வடிந்த பிறகு, ஈரச் சாமான்களை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தபோது அவர்தான் சொன்னார்: "மார்க்கெட் பாதிரியாருக்கும் இதேதான் நடந்தது, இங்கிருந்து கொஞ்சம் கிழக்கே."

அவர் 'மார்க்கெட்' என்று சொன்னவர் ஜாக் மார்க்கெத் என்ற பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார். 1674 டிசம்பர் 4 அன்று அந்தப் பாதிரியார் சிகாகோ ஆற்றின் முகத்துக்கு வந்தார். ஆறு அரையடி கனத்துக்கு உறைந்து கிடந்தது. கூட இரண்டே பேர். வயிற்றுப்போக்கால் அவரால் மேற்கொண்டு போக முடியவில்லை. ஆற்றோரம் குடில் போட்டுக் குளிர்காலத்தைக் கழித்தார்கள். பல மைல் தள்ளித் தங்கியிருந்த ஒரு பிரெஞ்சுக்காரர், வைத்தியம் தெரிந்தவர், மக்காச்சோளமும் ஒரு பை நிறைய புளூபெர்ரியும் கொண்டுவந்து கொடுத்தார். மார்ச் கடைசியில் பனிக்கட்டி உடைந்து ஓரிடத்தில் அடைத்துக்கொள்ள, தண்ணீர் மளமளவென்று ஏறியது. குடிலைவிட்டு ஓட மட்டுமே நேரம் இருந்தது, சாமான்களை மரங்களில் ஏற்றிவைத்துவிட்டு ஒரு மேட்டில் படுத்தோம், இரவெல்லாம் தண்ணீர் எங்களை நோக்கி வந்துகொண்டே இருந்தது என்று நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

இதைப் படித்தபோது என் சமையலறை மேசைமேல் ஈரமான ஆல்பம் விரித்துக் கிடந்தது. 338 வருஷ இடைவெளியில் அதே சமவெளி, அதே பனி உருகும் பருவம், சாமான்களை மேலே ஏற்றும் அதே அவசரம். அதற்குப் பிறகு எனக்கு அவரைப் படிக்காமல் இருக்க முடியவில்லை.

அது அவருடைய இரண்டாவது பயணம். முதல் பயணம் 1673 மே 17 அன்று மிஷிகன் ஏரியின் வடமுனையில் செயின்ட் இக்னஸிலிருந்து தொடங்கியது. மார்க்கெத், கியூபெக்கில் பிறந்த லூயி ஜோலியே, இன்னும் ஐந்து பேர். ஆக ஏழு பேர், பிர்ச் மரப்பட்டையில் செய்த இரண்டு கனூப் படகுகள், உணவுக்குச் சோளமும் உலர்ந்த இறைச்சியும். கிரீன் பே வழியாக ஃபாக்ஸ் ஆற்றில் ஏறினார்கள். ஆறு சதுப்பிலும் காட்டரிசிப் புல்லிலும் கிளை கிளையாகப் பிரிந்து குழப்பும் இடத்தில், மயாமி என்ற பூர்வகுடி மக்களில் இருவர் துணைக்கு வந்து வழிகாட்டினார்கள். அங்கே கனூவைத் தோளில் தூக்கிக்கொண்டு 2,700 தப்படி நடந்தால் விஸ்கான்சின் ஆறு. இப்படிச் சுமந்து கடக்கும் இடத்துக்குத்தான் போர்ட்டேஜ் என்று பெயர். பிரெஞ்சில் 'போர்த்தே' என்றால் சுமப்பது. ஜூன் 17 அன்று மிசிசிப்பியில் இறங்கினார்கள்.

இதே வருஷம் பிப்ரவரியில்தான் பெலாஞ்சே தெ லெஸ்பினே என்ற பிரெஞ்சுக்காரர் புதுச்சேரிக் கரையில் இறங்கினார். மறு வருஷம், மார்க்கெத் சிகாகோவில் பனியில் மாட்டிக்கொண்ட அதே 1674-இல், பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியிருப்பை நிலைநிறுத்தினார். கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்கிவைத்ததும் கனடா குடியேற்றத்தின் பொறுப்பைக் கையில் வைத்திருந்ததும் ஒரே அமைச்சர், கோல்பேர். என் பிறந்த ஊரும் இருக்கும் ஊரும் ஒரே மேசையின் காகிதக் கட்டுகளில் இருந்திருக்கின்றன. அப்பாவின் கேள்விக்கு இதைத்தான் முதலில் சொன்னேன். "அப்ப ரெண்டும் அக்கா தங்கச்சி ஊருதான்" என்றார்.

மார்க்கெத்தின் பயணக் குறிப்பில் நான் திரும்பத் திரும்பப் படிக்கும் இடம் ஒன்று உண்டு. ஜூன் 25 அன்று மிசிசிப்பியின் மேற்குக் கரையில் மனிதக் காலடித் தடங்களைப் பார்க்கிறார்கள். மற்ற ஐந்து பேரையும் கனூவில் விட்டுவிட்டு இருவரும் மட்டும் ஒற்றையடிப் பாதையில் நடந்து இல்லினாய் என்ற பூர்வகுடி மக்களின் ஊரை அடைகிறார்கள். ஒரு குடிசை வாசலில் முதியவர் ஒருவர் வெயிலைக் கையால் மறைத்தபடி நின்று, நீங்கள் வரும்போது சூரியன் எவ்வளவு அழகாக இருக்கிறது என்று வரவேற்கிறார். அப்புறம் விருந்து. பெரிய மரத்தட்டு நிறைய சாகமிதே, அதாவது சோளமாவைத் தண்ணீரில் காய்ச்சிக் கொழுப்புச் சேர்த்த கூழ். பரிமாறுகிறவர் கரண்டியில் மொண்டு, சின்னக் குழந்தைக்கு ஊட்டுவதுபோல மூன்று நான்கு முறை பாதிரியார் வாயில் ஊட்டுகிறார். ஜோலியேவுக்கும் அப்படியே. அடுத்து மூன்று மீன்கள் வருகின்றன. அவர் மீனைப் பிட்டு, முள்ளெடுத்து, சூடு ஆற ஊதி, வாயில் வைக்கிறார்.

முள்ளெடுத்து, ஊதி. அன்று மத்தியானம்தான் நான் என் மகளுக்கு மீனை அப்படிக் கொடுத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் இந்தப் பயணத்தை 'கண்டுபிடிப்பு' என்று படிக்கிறார்கள். ஊரில் வாழ்ந்தவர்கள் முள்ளெடுத்து ஊட்டிவிட்ட பயணத்துக்கு அந்தச் சொல் எனக்குப் பொருந்துவதாகவே படவில்லை.

ஆர்க்கன்சா ஆறு சேரும் பக்கம்வரை போனதும், மிசிசிப்பி மெக்சிகோ வளைகுடாவில்தான் போய் விழுகிறது என்று உறுதியானது. மேலும் போனால் ஸ்பானியர் கையில் அகப்படலாம் என்று ஜூலை 17 அன்று திரும்பினார்கள். எதிர்நீரோட்டம், கோடை வெயில். வந்த வழியே போவது பெரும்பாடு. அப்போது சுருக்குவழியைச் சொன்னவர்கள் உள்ளூர்க்காரர்கள்தான்: இல்லினாய் ஆற்றில் ஏறினால் ஏரிக்குச் சீக்கிரம் போகலாம். அந்த ஆற்றைப் பற்றி மார்க்கெத் எழுதுவது ஆசை தீராதவரின் எழுத்து. இவ்வளவு வளமான மண்ணை எங்கும் பார்த்ததில்லை என்கிறார். காட்டெருமை, மான், அன்னம், வாத்து என்று அடுக்கிக்கொண்டே போய், கிளிகளையும் சேர்த்துக்கொள்கிறார். ஆமாம், இல்லினாயில் கிளி. கரோலினா கிளி என்று ஓர் இனம் இங்கே இருந்தது. கூண்டில் இருந்த கடைசிக் கிளி 1918-இல் சின்சினாட்டி மிருகக்காட்சி சாலையில் செத்தது. இல்லினாயின் பனிக்காலத்தில் ஒரு பச்சைக்கிளியை நினைத்துப் பார்க்க எனக்குப் பல நாள் ஆயிற்று.

இல்லினாய் ஆற்றங்கரையில் காஸ்காஸ்கியா மக்களின் ஊர் இருந்தது. 74 குடில்கள். அந்த ஊர்த் தலைவர்களில் ஒருவரும் இளைஞர்களும் கூடவே வந்து இவர்களை ஏரிவரை கொண்டுபோய் விட்டார்கள். அந்த வழி எங்கள் ஆற்றில் ஏறி, ஒரு சதுப்பைக் கடந்து, சிகாகோ ஆற்றில் இறங்குகிறது. சுமந்து கடக்கும் அந்த இடம் லயன்ஸ் என்ற ஊரில், ஹார்லெம் அவென்யூவை ஒட்டி இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து காரில் எட்டு நிமிடம். லாரிகள் ஓயாமல் போகும் சாலை. திரும்பும் இடம் தெரியாமல் முதல் முறை இரண்டு தடவை தாண்டிப் போய்விட்டேன். உள்ளே துருப்பிடித்த நிற இரும்பில் ஒரு பெரிய சிற்பம்: ஜோலியே, மார்க்கெத், கனூவை இழுக்கும் ஒரு பூர்வகுடி மனிதர். அவருக்குப் பெயர் எழுதவில்லை. சிற்பத்துக்குப் பின்னால் மரங்களுக்குள் நடந்தால் பழைய ஓடையின் மிச்சம் தேங்கிக் கிடக்கிறது. இலை மக்கிய கருந்தண்ணீர். நாம் பார்க்கிற எந்தக் குட்டைக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது.

ஆனால் நிற்கிற இடத்தை யோசித்தால் உடம்பு சிலிர்க்கும். இதற்குக் கிழக்கே விழும் மழை ஏரிக்குப் போய், செயின்ட் லாரன்ஸ் வழியாக அட்லாண்டிக்கில் கலக்கவேண்டியது. மேற்கே விழுவது மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்கு. ஒரு கண்டத்தையே பிரிக்கும் நீர்மேடு இங்கே கண்ணுக்கே தெரியாத உயரம்தான். பனி உருகும் மாதங்களில் இரண்டு ஆறுகளும் சதுப்பின்மேல் கைகோத்துக்கொள்ளும். கனூவைவிட்டு இறங்காமலே போய்விடலாம். கோடையில் மைல்கணக்கில் சுமக்கவேண்டும்.

அந்தச் சதுப்புக்குச் சேற்று ஏரி என்று பெயர். 1818-இல் கம்பளித்தோல் வியாபாரப் படகுகளோடு அதைக் கடந்த குர்டன் ஹப்பர்ட் என்ற பதினாறு வயதுப் பையன் பிற்காலத்தில் அதை விவரித்திருக்கிறார். மூன்று நாள் பிடித்ததாம். இடுப்பளவு சேற்றில் படகைத் தள்ளிக்கொண்டு போனவர்கள் காலெல்லாம் அட்டை. பிய்த்தால் அறுந்து வரும், கடி விடாது. புகையிலையை ஊறவைத்த சாற்றைத் தடவி எடுத்தார்களாம். வால்பாறையில் எஸ்டேட் வேலையிலிருந்த என் சித்தப்பா வீட்டு வாசலில் உப்பும் புகையிலைத் தூளும் கட்டிய துணிமுடிச்சு எப்போதும் தொங்கும். அட்டைக்கு ஒத்தடம் கொடுக்க. பள்ளி விடுமுறைக்குப் போனால் எனக்கும் தம்பிக்கும் சித்திதான் ஒவ்வொன்றாக எடுத்துவிடுவாள். சேற்று ஏரி எப்படி இருந்திருக்கும் என்பது அந்த வரியைப் படித்த உடனே என் கணுக்காலுக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சதுப்பு இப்போது இல்லை. வடித்து, நிரப்பி, மேலே ரயில் பாதைகளும் கிடங்குகளும் வந்துவிட்டன. உலகத்தின் மிகப்பெரிய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் ஒன்றும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. காற்று திரும்பினால் தெரியும்.

ஜோலியே இந்த இடத்தைப் பார்த்தவுடனே, இங்கே ஒரு கால்வாய் வெட்டினால் ஏரியிலிருந்து கடல்வரை படகிலேயே போகலாம் என்று சொன்னார். அரை லீக், அதாவது சுமார் ஒன்றரை மைல் நீளம் வெட்டினால் போதும் என்பது அவர் கணக்கு. பின்னால் வந்த லா சால் என்ற பிரெஞ்சுப் பயணி, கோடையில் இந்த ஆற்றில் தண்ணீரே இருக்காது, அது நடக்காது என்று மறுத்தார். லா சால் சொன்னதுதான் நிலத்தை அறிந்த பேச்சு. ஆனாலும் ஜோலியேவின் ஆசை ஊரை விடவில்லை. 1836-இல் தோண்டத் தொடங்கி 1848-இல் கால்வாய் திறந்தபோது அதன் நீளம் 96 மைல். அயர்லாந்திலிருந்து வந்த கூலிகள் காய்ச்சலில் செத்துச் செத்து வெட்டியது. சிகாகோ நகரமாக வளர்ந்தது அதனால்தான். நகரம் வளர்ந்ததும் கழிவெல்லாம் ஆற்றில் விழுந்து, குடிநீர் எடுக்கும் ஏரிக்கே போனது. 1900 ஜனவரியில் 28 மைல் நீளத்துக்கு இன்னொரு பெரிய கால்வாயைத் திறந்து, சிகாகோ ஆற்றையே எதிர்ப்பக்கம் ஓடவைத்தார்கள். ஏரிக்குப் போன ஆறு இன்று மிசிசிப்பிக்குப் போகிறது. கீழே இருக்கிற மிசௌரி மாநிலம் உச்ச நீதிமன்றம்வரை வழக்குப் போட்டு 1906-இல் தோற்றது. கழிவை அடுத்தவன் பக்கம் தள்ளிவிட்டதை இன்றும் ஊர் பொறியியல் சாதனையாகக் கொண்டாடுகிறது. எனக்கு அந்தப் பெருமை ஒட்டவில்லை.

வழி காட்டியவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதும் இந்த ஆற்றின் கதைதான். 1833-இல் சிகாகோவில் போட்ட ஒப்பந்தத்தோடு இந்தப் பக்கத்துப் பூர்வகுடிகளான பொட்டவாட்டமி மக்கள் மிசிசிப்பிக்கு மேற்கே போகவேண்டியதாயிற்று. பாதிரியாருக்கு மீன் ஊட்டிய இல்லினாய் மக்களின் வழிவந்தவர்கள் இன்று பியோரியா என்ற பெயரில் ஓக்லஹோமாவில் இருக்கிறார்கள். இந்தப் பக்கம் அவர்கள் மொழியில் மிஞ்சியிருப்பது ஊர்ப்பெயர்கள். சிகாகோ என்பதே 'ஷிக்காக்வா', காட்டுப் பூண்டு. அது இங்கே நிறைய முளைப்பதால் வந்த பெயர் என்று 1687-இல் இந்தப் பக்கம் வந்த ஆன்றி ஜூத்தெல் எழுதிவைத்திருக்கிறார். ஏப்ரலில் எங்கள் ஆற்றங்கரைக் காட்டில் பனி போன உடனே அகலமான பச்சை இலைகளாக அது முளைக்கும். ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தால் ரசத்துக்குப் பூண்டு தட்டின வாசனை. பறிக்கக் கூடாது, காடு பாதுகாக்கப்பட்டது. குனிந்து முகர்ந்துவிட்டு வருவோம்.

இன்னொருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். சிற்பத்தில் அவன் இல்லை.

மீன் ஊட்டிய அந்த ஊரில், தலைவர் பாதிரியாரிடம் ஒரு சிறுவனைக் கொண்டுவந்து நிறுத்தி, "இதோ என் மகன், என் மனதைக் காட்ட இவனை உனக்குத் தருகிறேன்" என்று சொன்னதாகக் குறிப்பில் இருக்கிறது. மகன் என்றாலும் அவன் அடிமைச் சிறுவன், வேறெங்கோ பிடித்துக்கொண்டு வரப்பட்டவன். பத்து வயது. அவன் இவர்களோடே மிசிசிப்பியில் இறங்கி, இல்லினாய் ஆற்றில் ஏறி, எங்கள் ஆற்றின் வழியாகப் போயிருக்கிறான். ஹார்லெம் அவென்யூவுக்குப் பக்கத்துச் சேற்றில் அவன் காலும் பட்டிருக்கும். ஜோலியே அவனைக் கனடாவுக்கு அழைத்துக்கொண்டு போனார்.

1674 கோடை. மொன்றேயால் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், லாஷீன் நீர்ச்சரிவில் கனூ கவிழ்ந்தது. லாஷீன் என்றால் சீனா. சீனாவுக்கு வழி தேடி அலைந்த லா சாலைக் கேலி செய்து வைத்த பெயர். 42 நீர்ச்சரிவுகளை அதுவரை பத்திரமாகக் கடந்து வந்திருந்தார்கள். நான்கு மணி நேரம் தண்ணீரில் கிடந்த ஜோலியேவை மீனவர்கள் காப்பாற்றினார்கள். கூட வந்த இரண்டு ஆட்களும் சிறுவனும் போய்விட்டார்கள். பயணக் குறிப்பும் வரைபடமும் இருந்த பெட்டியும் போயிற்று. அதனால்தான் இன்று நமக்கு மார்க்கெத் பெயரில் உள்ள குறிப்பு மட்டும் முழுதாகக் கிடைக்கிறது. புத்தகங்கள் பெரும்பாலும் அந்தப் பெட்டியைப் பற்றித்தான் பேசுகின்றன.

ஜோலியே அந்த அக்டோபரில் எழுதிய கடிதத்தில் சிறுவனைப் பற்றிச் சில வரிகள் இருக்கின்றன. அதன் பிரெஞ்சு மூலத்தை அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அப்பா பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். கண்ணாடியைத் தேடி எடுத்து, போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். நல்ல குணம் உள்ளவன். சூட்டிகையானவன். சொன்ன சொல் கேட்பான். பிரெஞ்சு பேச வந்துவிட்டது, எழுதப் படிக்கத் தொடங்கியிருந்தான். அந்த இடத்தில் அப்பா நிறுத்திவிட்டார். தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது.

"அவன் பேரு என்னம்மா?"

"பேரு போடலப்பா."

"ரெண்டு ஆறு, ஏரியெல்லாம் தாண்டிக் கூட்டிட்டுப் போனாரு. எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தாங்க. பேரைப் போடலயா?"

நான் பதில் சொல்லவில்லை. என் மகளுக்கு அப்போது பத்து வயது. மேசையின் மறுமுனையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தாத்தா ஏன் அழுகிறார் என்று சைகையில் கேட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளைச் சுமந்து கடந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முந்தின நாள் நல்ல மழை. சிற்பத்தைத் தாண்டி உள்ளே போனால் பாதை பாதியிலேயே தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. மரங்களுக்கு நடுவே தகடு மாதிரி தண்ணீர் நின்றது, எந்தப் பக்கம் போகிறது என்றே தெரியவில்லை. மகள் ஒரு மேப்பிள் விதையைப் போட்டுப் பார்த்தாள். அது நின்ற இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றது.

அங்கிருந்தே அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். புதுச்சேரியில் இரவு. சங்கராபரணிக் கரையில் வளர்ந்தவர், எந்த ஊர் ஆற்றைக் காட்டினாலும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்.

"தண்ணி எவ்வளவு போகுது?"

"முழங்காலுக்கு மேல இருக்கும்ப்பா."

"அப்ப படகு போகும்" என்றார். "சுமக்க வேணாம்."